நிபந்தனை தொலைந்த சூத்திரங்கள்

பின்னங்களின் மீ.பொ.ம. காண ஒரு சூத்திரம் எல்லாப் பயிற்சி மையங்களிலும் புழங்குகிறது: தொகுதிகளின் மீ.பொ.ம.வைப் பகுதிகளின் மீ.பொ.வ.வால் வகுத்தால் விடை. 2/4, 3/6 என்ற இரண்டு பின்னங்களுக்கு அதைப் போட்டுப் பாருங்கள். மேலே 2, 3 இவற்றின் மீ.பொ.ம. 6. கீழே 4, 6 இவற்றின் மீ.பொ.வ. 2. விடை 3 என்று வரும். ஆனால் 2/4 என்பதும் அரைதான், 3/6 என்பதும் அரைதான். அரைக்கும் அரைக்கும் மீச்சிறு பொது மடங்கு அரையாகத்தானே இருக்க வேண்டும், மூன்று எங்கிருந்து வந்தது? சூத்திரத்தில் பிழை இல்லை. பின்னங்களைச் சுருக்கி எழுதிய பிறகே அது செல்லும் என்ற ஒரு வரி அதோடு சேர்ந்தே பிறந்தது. நோட்டிலிருந்து நோட்டுக்குப் பெயர்த்து எழுதி எழுதி அந்த வரி வழியில் உதிர்ந்துபோயிற்று. போட்டித் தேர்வுகளுக்குத் திறனறிவுக் கணிதம் கற்பிக்கும் தொழிலில் நான் ஓயாமல் பார்த்துவருவது இதைத்தான். பின்னம், வகுபடும் தன்மை, பகா எண் பற்றிய கேள்விகளில் நன்றாகத் தயாராகி வந்தவர்கள்கூட மதிப்பெண் விடுவது, சூத்திரம் தெரிந்திருந்தும் அது எந்த இடம்வரை செல்லும் என்று தெரியாததால்தான். இதற்கு இன்னொரு சூத்திரம் தந்து பயனில்லை. கேள்வியில் இருக்கும் எண்ணைப் பகாக் காரணிகளின் பெருக்கலாக எழுதிப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் போதும்; அப்படி எழுதப்பட்ட எண், சூத்திரம் சொல்லாமல் விட்ட நிபந்தனையையும் கண்முன் வைத்துவிடும் என்பது என் கட்சி.

முடிவுறு தசமம் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் தசம விரிவு முடிவுறும் என்பது பள்ளிப் பாடம். கொடுத்த விடைகளில் 21/150 இருந்தால் பலர் அதை உடனே அடித்துவிடுவார்கள். 150 = 2 × 3 × 5²; உள்ளே 3 இருக்கிறது, ஆகவே முடிவுறாது என்பது அவர்கள் கணக்கு. மேலே உள்ள 21க்குள்ளும் ஒரு 3 இருக்கிறது, அது கீழே உள்ள 3ஐத் தீர்த்துவிடுகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. பின்னம் 7/50 ஆகிறது, தசமத்தில் 0.14. கேள்வி எழுதியவர் அந்த 3ஐ மேலும் கீழும் வேண்டுமென்றேதான் வைத்திருப்பார். விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் இந்த இடத்தில் சறுக்க மாட்டார். தசமம் என்பது 10, 100, 1000 என்பவற்றைப் பகுதியாகக் கொண்ட பின்னம். பத்தின் எந்த அடுக்கை எடுத்தாலும் 2ம் 5ம் மட்டுமே அதற்குள் இருக்கும். சுருக்கிய பின் பகுதியில் 3 நின்றுவிட்டால், அதை எதனால் பெருக்கியும் பத்தின் அடுக்காக்க முடியாது. இது புரிந்தவருக்கு 7/160 எத்தனை தசம இடங்களில் முடியும் என்ற கேள்விக்கு நெடுவகுத்தலே வேண்டாம். 160 = 2⁵ × 5. ஐந்து 2களுக்கு ஐந்து 5கள் ஈடு வேண்டும். ஒன்று இருக்கிறது, நான்கு குறைகிறது. மேலும் கீழும் 5⁴ அதாவது 625ஆல் பெருக்கினால் பகுதி ஒரு லட்சம், தொகுதி 4375, விடை 0.04375, ஐந்து இடங்கள். நம் பழைய பின்ன அளவுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. மா 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. கடைசி எண் 2⁶ × 5. மேலே கண்ட 7/160 ஏழு அரைக்காணிதான். முந்திரி வரையுள்ள அளவுகளை எப்படிக் கூட்டினாலும் வரும் பின்னம் ஆறு தசம இடங்களுக்குள் முடிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவற்றால் மிச்சமில்லாமல் சொல்ல முடியாது.

வகுபடும் தன்மையில் தொலைந்த நிபந்தனை வேறு. ஐந்து இலக்க எண் ஒன்று: முதல் இலக்கம் 6, மூன்றாவது 7, நான்காவது 2, இரண்டாவதும் ஐந்தாவதும் மறைந்திருக்கின்றன. எண் 72ஆல் மீதியின்றி வகுபடும் என்றால், இரண்டாம் இலக்கத்தின் மிகப்பெரிய மதிப்பு என்ன? 72ஐ இரண்டு எண்களாகப் பிரித்து இரண்டாலும் வகுபடுகிறதா என்று பார், என்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. எந்த இரண்டு எண்கள் என்பதில்தான் சிக்கல். 6 × 12 = 72 என்று பிரித்தவர் தவறான பாதையில் போகிறார், ஏனென்றால் 36 என்ற எண் 6ஆலும் வகுபடுகிறது, 12ஆலும் வகுபடுகிறது, 72ஆல் வகுபடுவதில்லை. 6 = 2 × 3, 12 = 2² × 3 என்று எழுதியவுடன் காரணம் தெரிந்துவிடும். ஆறு கேட்பதையெல்லாம் பன்னிரண்டு ஏற்கெனவே கேட்டுவிட்டது. இரண்டு சோதனை நடத்தியதாக நினைத்தவர் உண்மையில் ஒன்றைத்தான் நடத்தியிருக்கிறார். 8 = 2³, 9 = 3² என்று பிரித்தால் ஒன்று கேட்பதை மற்றது தொடுவதில்லை. சார்பகா எண்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பொருள் இவ்வளவே. இனிக் கணக்கு எளிது. ஆயிரம் எட்டின் மடங்கு என்பதால் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் 8ஆல் வகுத்தால் போதும். 720 எட்டின் மடங்கு. ஆகவே கடைசி இலக்கம் 0 அல்லது 8. தெரிந்த மூன்று இலக்கங்களின் கூடுதல் 15. கடைசி இலக்கம் 0 என்றால் கூடுதலை 18 ஆக்க இரண்டாவது 3 ஆக வேண்டும். 8 என்றால் 27 ஆக்க 4 ஆக வேண்டும். எண் 63720 அல்லது 64728, விடை 4. பூச்சியத்தோடு நின்றுவிட்டவர்களுக்காக 3ம் விடைகளுக்குள் காத்திருக்கும்.

இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் விதியையும் காரணத்தோடு ஒருமுறை சொல்லிவிட்டால் அது மறப்பதில்லை. 10, 100, 1000 எல்லாமே ஒன்பதின் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று அதிகம். அதனால் நூறுகள் நான்கு இருந்தால் ஒன்பதைப் பொறுத்தவரை அது நான்குதான். பதினொன்றுக்கு 10 ஒன்று குறைவு, 100 ஒன்று அதிகம், 1000 ஒன்று குறைவு. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் பார்ப்பது அதனால்தான். 7 × 11 × 13 = 1001 என்பதும் கையில் இருக்க வேண்டிய ஒன்று. 472472 போல மூன்று இலக்கம் இரட்டித்து வரும் எண் எதுவானாலும் அது 1001இன் மடங்கு, ஆகவே 7, 11, 13 மூன்றாலும் வகுபடும்.

இரண்டு எண்களின் பெருக்கல் அவற்றின் மீ.பொ.வ., மீ.பொ.ம. இரண்டின் பெருக்கலுக்குச் சமம் என்ற விதியைத் தெரியாத தேர்வர் இல்லை. மூன்று எண்களுக்கு அதைப் போடுகிறவர்களும் குறைவில்லை. 4, 6, 10 என்று எடுத்தால் மீ.பொ.வ. 2, மீ.பொ.ம. 60, பெருக்கல் 120. எண்களின் பெருக்கலோ 240. ‘இரண்டு எண்களுக்கு மட்டும்’ என்று நோட்டில் அடிக்கோடிட்டு வைக்கலாம்தான், ஆனால் அடிக்கோடு தேர்வு அறைக்குள் கூட வராது. 12 = 2² × 3, 90 = 2 × 3² × 5 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பகா எண்ணிலும் பெரிய அடுக்கு மீ.பொ.ம.வுக்குப் போகிறது, சிறிய அடுக்கு மீ.பொ.வ.வுக்குப் போகிறது. இரண்டு எண்கள்தான் என்பதால் எதுவும் மிஞ்சவில்லை; 180 × 6 = 1080 = 12 × 90. மூன்று எண்கள் வந்தால் பெரியதும் சிறியதும் போக நடுவில் ஓர் அடுக்கு யாருக்கும் சேராமல் நின்றுவிடும். 4, 6, 10இல் 2இன் அடுக்குகள் 2, 1, 1. நடுவில் நிற்கும் அந்த ஒரு 2தான் 120க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம். இதைப் பார்த்தவர் விதியை மட்டுமல்லாமல் அதன் எல்லையையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார். இரு எண்களின் மீ.பொ.வ. 12, மீ.பொ.ம. 100 ஆக இருக்க முடியுமா என்ற கேள்வியும் அதே பார்வையில் ஒரு நொடியில் விழுகிறது. பன்னிரண்டில் உள்ள 3 இரண்டு எண்களிலும் இருந்தாக வேண்டும், அப்படியிருக்க மீ.பொ.ம.வில் அது இல்லாமல் போகாது, 100இல் 3 இல்லை, ஆகவே முடியாது.

வேறு வேறு தலைப்பில் கற்பிக்கப்படும் கேள்விகள் ஒன்றே என்று தெரிவதும் இந்த எழுத்துமுறையால்தான். 540ஐ எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்பது வர்க்கமூலப் பாடத்தில் வரும். ஓர் எண்ணின் வர்க்கம் 540ஆல் வகுபடும் என்றால் அந்த எண் குறைந்தபட்சம் எதனால் வகுபட வேண்டும் என்பது வகுபடும் தன்மைப் பாடத்தில் வரும். 540க்கு எத்தனை காரணிகள் என்பது காரணிப் பாடத்தில் வரும். மூன்றுக்கும் மூலம் 540 = 2² × 3³ × 5 என்ற ஒரே வரி. வர்க்கத்தில் எல்லா அடுக்கும் இரட்டைப்படை. 3க்கு ஒன்றும் 5க்கு ஒன்றும் குறைவதால் பெருக்க வேண்டியது 15. வந்த 8100இன் மூலம் 90. இரண்டாவது கேள்வியின் விடை அதுவே. மூன்றாவதற்கு ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 3 × 4 × 2 = 24. ஒன்று கூட்டுவது ஏன் என்றால், ஒரு காரணி அந்தப் பகா எண்ணை எடுக்காமலும் விடலாம். காரணிகளின் எண்ணிக்கையை இப்படி அடுக்குகளாகப் பார்ப்பது தேர்வுக்கு மட்டும் உரிய தந்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான ராமானுஜனின் நீண்ட கட்டுரை, தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விடக் காரணிகள் அதிகம் கொண்ட எண்களைப் பற்றியது. 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் அந்த வரிசையின் அமைப்பை அவர் ஆராய்ந்ததும் பகாக் காரணி அடுக்குகளின் வழியேதான். தேர்வர் கையில் வைத்திருக்க வேண்டிய கருவியும் அவர் பிடித்த கருவியும் ஒன்று என்பதை வகுப்பில் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் நேரம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடி. அதில் 25 கேள்விகள் திறனறிவு. இந்த அவசரத்தில் காரணிப்படுத்திக்கொண்டு உட்கார முடியுமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் நேரம் எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். 540ஐ 54 × 10 என்று பார்த்துப் பகா எண்களாக்குவது ஒரு வரி வேலை. 7ஐ 160ஆல் நெடுவகுத்தல் செய்வதும், 63ஆயிரத்துச் சொச்சம் எண்களை ஒவ்வொன்றாக 72ஆல் வகுத்துப் பார்ப்பதும்தான் நேரத்தைத் தின்பவை. எந்தச் சூத்திரம் என்று நினைவில் துழாவும் நேரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பகா எண்ணா என்று சோதிக்கும் கேள்வியிலும் அப்படித்தான். 400க்குள் உள்ள எண் என்றால் 19 வரையுள்ள எட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிந்தது, ஏனென்றால் 20 × 20 = 400; இரண்டு காரணிகளும் இருபதுக்கு மேலிருக்க முடியாது. பகா எண் போலத் தோற்றம் காட்டும் 91, 119, 133, 143, 187, 221, 299, 323 ஆகியவற்றைக் கண்ணால் பழகிக்கொண்டால் இன்னும் விரைவு. 323ஐ 18இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு என்று பார்த்தவுடன் 17 × 19 என்று பிரிந்துவிடுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது: விடைகள் நான்கும் முன்னால் இருக்கும்போது அவற்றை வைத்துப் பார்த்தால் போதாதா? சில கேள்விகளுக்குப் போதும், அதை மறுக்க மாட்டேன். 6, 8, 9ஆல் வகுக்க முறையே 4, 6, 7 மீதி தரும் மிகச்சிறிய எண் எது என்றால், மூன்றிலும் இரண்டு குறைகிறது, மீ.பொ.ம. 72இல் இரண்டைக் கழித்து 70 என்று சொல்வதும், சிறிய விடையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். ஆனால் கேள்வி ‘எப்போதும் சரியான கூற்று எது’ என்று திரும்பினால் அந்த வழி கைவிட்டுவிடும். எடுத்துக்காட்டுகள் ஒரு கூற்றைப் பொய்யாக்கலாம், மெய்யாக்க முடியாது. இதற்கு ஆய்லரின் பெயரோடு சேர்ந்த புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். பூச்சியம் முதல் 39 வரை எந்த எண்ணைப் போட்டாலும் விடை பகா எண்ணாகவே வரும். நாற்பது சோதனைகளில் தேறிய கூற்று நாற்பத்தொன்றாவதில் விழுந்துவிடும்: 40ஐப் போட்டால் 1681, அது 41 × 41. மாறாக, 3ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணின் வர்க்கத்திலும் ஒன்றைக் கழித்தால் அது 24ஆல் வகுபடும் என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 5க்கு 24, 7க்கு 48, 11க்கு 120 என்று சரியாக வருவது நம்பிக்கை தரும், உறுதி தராது. உறுதி தருவது காரணிகள். வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் அந்த எண்ணுக்கு முந்தையதும் பிந்தையதுமான இரண்டு எண்களின் பெருக்கல் கிடைக்கும். இரண்டும் அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள். ஒன்று நிச்சயம் 4ஆல் வகுபடும், ஆகவே பெருக்கல் 8ஆல் வகுபடும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3இன் மடங்கு. நடுவில் இருப்பது பகா எண், அது 3இன் மடங்கல்ல. ஆகவே பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்று 3இன் மடங்கு. 8ம் 3ம் சார்பகா எண்கள், ஆகவே 24. இங்கே ஒரு எண்ணைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

எண் பெரிதாகிவிட்டால் காரணிப்படுத்துவது எப்படி என்று கேட்பவர்கள் கேட்பதிலும் உண்மை இருக்கிறது. பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பகாக் காரணிகளாக்குவது கணினிக்கே பெரும்பாடு. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய மறைகுறி முறை அந்தக் கடினத்தை நம்பியே நிற்கிறது. தேர்வுத் தாளில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நான்கு இலக்கம் வந்தாலே கை நிற்கும். அப்போது யூக்ளிட் துணைக்கு வருகிறார். 2881, 3149 இவற்றின் மீ.பொ.வ. வேண்டும் என்றால் இரண்டையும் நேரடியாகப் பிரிக்க முயல வேண்டாம். இரண்டையும் வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். வித்தியாசம் 268, அதாவது 2² × 67. கொடுத்த எண்கள் ஒற்றைப்படை, 2க்கு இடமில்லை. மிஞ்சுவது 67 அல்லது 1. 67 × 43 = 2881, 67 × 47 = 3149. விடை 67. பெரிய எண்ணைச் சிறியதாக்கியது கழித்தல், விடையைக் காட்டியது அந்தச் சிறிய எண்ணின் பகாக் காரணி.

பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின் வேலைக்காகத் திரும்பவும் கணக்கு நோட்டைத் திறப்பவர்களுக்கு இதெல்லாம் பாரம், அவர்களுக்குச் சூத்திரம்தான் கைகொடுக்கும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அவர்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை, முடிவில்தான் உடன்பாடில்லை. இந்த முறைக்கு வேண்டியது வாய்ப்பாடும் சிறிய பகா எண்களும். சூத்திர வழிக்கு வேண்டியது முப்பது நாற்பது வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை, எந்தக் கேள்விக்கு எந்த வரி என்ற அடையாளம். நினைவுக்கு ஏற்றும் சுமை எதில் அதிகம்? தவிர, கணக்கைக் கண்டு ஒருகாலத்தில் பயந்தவர்களுக்கு, விடை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்கும் மதிப்பெண் அந்தப் பயத்தைப் போக்குவதில்லை; கேள்வி கொஞ்சம் முகம் மாற்றி வந்தால் பழைய பயம் திரும்பிவிடுகிறது.

பகாக் காரணி எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் என்றும் நான் சொல்லவில்லை. அது பெருக்கலின் மொழி. கூட்டல் வந்தால் பெரும்பாலும் மௌனமாகிவிடும். 8ன் காரணிகளும் 27ன் காரணிகளும் தெரிந்திருப்பதால் 35க்குள் 5ம் 7ம் இருக்கும் என்று ஊகிக்க வழியில்லை. மீதிக் கணக்குகள் கூட்டலோடு ஒட்டியவை, அவற்றுக்குப் பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம்தான் சரியான கருவி. இருந்தும் அங்கேயும் எந்தக் கேள்விக்கு விடை உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக் காட்டுவது பகா எண்களே. ஓர் எண்ணை 15ஆல் வகுத்தால் மீதி 8. அதையே 5ஆல் வகுத்தால் மீதி என்ன? 15க்குள் 5 இருக்கிறது, ஆகவே 8ஐ 5ஆல் வகுத்த மீதி 3 என்று உறுதியாகச் சொல்லலாம். 10ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால் தேர்வர்கள் தயங்காமல் 8 என்பார்கள். எண் 8 ஆகவே இருந்தால் அது சரி. 23 ஆக இருந்தால் மீதி 3. 15 = 3 × 5; அது 3ஐப் பற்றியும் 5ஐப் பற்றியும் மட்டுமே பேசியது, எண் ஒற்றையா இரட்டையா என்பது பற்றி எதுவும் சொல்லவில்லை. 10க்கோ அந்த 2 வேண்டும். ‘தகவல் போதாது’ என்று ஒரு விடை கொடுக்கப்பட்டிருந்தால் நிழலிட வேண்டியது அந்த வட்டத்தைத்தான்.